ஊர் ஏரியும் நம் உரிமையும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் அவ்வூர்க் கோயிலின் கல்வெட்டைப் படிப்பதோடு நின்றுவிடலாகாது. ஏரிக்கரைக்கும் சென்று பார்த்தல் வேண்டும். கரையைக் கட்டியவர் யார், காத்தவர் யார், நீரைப் பாய்ச்சியவர் யார், மீனை எடுத்துக்கொண்டவர் யார், எந்தத் துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கலாகாது என்ற செய்திகள் எல்லாம் அந்தக் கரையில் எழுதாத எழுத்தாக நிற்கின்றன. வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் இளைஞர்கள் இந்த எழுதாத வரலாற்றைப் படித்தறிதல் நலம் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை சிறியவை, மழை பெய்து நிறைந்தால் சில மாதங்கள் நீர் நிற்கும், கோடையில் வற்றும். பாசனத்துக்கென்றே இவை தோன்றின எனினும், ஊர் மக்களுக்கு இவை குளிக்கும் துறையாகவும், கால்நடை நீருண்ணும் இடமாகவும், மீன் தரும் களமாகவும், சிறுவர் நீந்தி விளையாடும் இடமாகவும், மாலையில் காற்று வாங்கும் கரையாகவும் விளங்கி வந்துள்ளன. இத்தனை பயன்களும் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைத்தனவா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

ஏரி வாரியமும் பாசிப்பாட்டமும்

சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையைக் கூறுவதால் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் என்னும் ஒரு குழு இடம்பெறுகிறது. ஏரியைத் தூர்வாருதலும் கரையைப் பேணுதலும் அதன் கடமைகள். நம் முன்னோர் ஏரியை ஆள்வதற்கென்றே தனிக்குழு அமைத்திருந்தனர் என்பது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும், அக்குழுவில் இடம் பெறத் தகுதி உடையோர் யார் என்பதையும் அக்கல்வெட்டே கூறுகிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும், வேதக்கல்வி வேண்டும். நிலமும் வேதமும் இல்லாதார் பெயர் அந்தக் குடத்தில் விழ வழியில்லை.

ஏரி மீனுக்கும் வரலாறு உண்டு. ஏரி குளங்களில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட வரிக்குப் பாசிப்பாட்டம் என்பது பழம்பெயர். இக்காலத்தில் ‘மீன்பாசிக் குத்தகை’ என்று நாம் வழங்குகின்ற சொல்லில் அந்தப் பழைய ‘பாசி’ இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏரி மீன் வெறும் உணவு அன்று, ஊரின் வருவாய் என்பதை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்று.

அதே சோழர் காலத்தில் நம் மக்கள் எங்கு இருந்தனர்? முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடும் இடத்தில், ஊர் நத்தமும் குளங்களும் வாய்க்கால்களும் சொல்லப்படும்போது பறைச்சேரியும் தனியே சொல்லப்படுகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்னும் பிரிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டதைக் காண்கிறோம்.

கரை காத்தவர்கள்

ஏரியை ஆண்டவர் நிலமுடையோர். ஏரியைக் காத்தவரோ பெரும்பாலும் நிலமற்றோர். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன், மடைக்குடும்பன், தோட்டி என்று வட்டாரத்துக்கொரு பெயரால் அழைக்கப்பட்ட இவர்கள் தமிழகத்தின் பல பகுதிகளில் தாழ்த்தப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்தவர்களே.

இவர்களின் பணி எளியதன்று. மழைக்காலத்து இரவில் கரையைச் சுற்றிவந்து, எங்கே நீர் கசிகிறது, எங்கே எலி வளையும் நண்டு வளையும் கரையைத் துளைத்துள்ளன என்று பார்க்க வேண்டும். கலிங்கு வழிவதைக் கண்காணிக்க வேண்டும். நிறைந்த ஏரியில் மூழ்கி, அடியிலுள்ள மடையின் அடைப்பைத் திறக்கவும் மூடவும் வேண்டும்; அது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. பிறகு யார் வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்ற முறையை, ஏடும் எழுத்தும் இன்றி, நினைவிலேயே வைத்துப் பகிர்ந்தளிக்க வேண்டும். இதற்குக் கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடப்பட்ட சிறிதளவு நெல்.

ஆங்கிலேயர் ஆட்சியும் இந்நிலையை மாற்றவில்லை, சட்டமாகவே ஆக்கியது. 1858-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னாளில் குடிமராமத்துச் சட்டம் என்று பெயர் பெற்றது இதுவே. கரை உடையும் ஆபத்து நேரும்போது, உடல் வலிமை உள்ள உழைக்கும் வகுப்பு ஆடவரை வேலைக்கு அழைக்க ஊர்த்தலைவர்களுக்கு அது அதிகாரம் அளித்தது. வெள்ளத்தில் மண் கொட்டுவதற்கு உழைக்கும் வகுப்பார் வேண்டும் என்று சட்டப் புத்தகம் வரைந்தது. வெள்ளம் வடிந்தபின் அந்த ஏரியில் அவர்களுக்கு என்ன பங்கு என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

மடை திறக்க நீருள் மூழ்கிய உடலால் தீட்டுப்படாத ஏரி, அதே மனிதர் குடிப்பதற்குத் துறையில் இறங்கினால் மட்டும் தீட்டுப்பட்டுவிடும் என்று கூறப்பட்டது. தீண்டாமையின் பொய்மையை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் சான்று வேறு தேவையில்லை.

சட்டமன்றத்திலும் சவுதார் குளத்திலும்

இந்தத் தடையை எதிர்த்த முதல் சட்டப் போராட்டங்களில் சென்னை மாகாணத்துக்குச் சிறப்பான இடம் உண்டு. 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் பெரியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக்குளம், பொது இடம் ஆகியவற்றைப் பயன்படுத்த எவருக்கும் தடையில்லை என்பதே அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறியது, அரசும் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. 1938-ஆம் ஆண்டு எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் சமூக இடையூறுகளை நீக்கும் சட்டம் இம்மாகாணத்தில் நிறைவேறியது. பொது நீர்நிலைகளைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது அதனால் சட்டப்படி குற்றமாயிற்று.

பம்பாய் மாகாணத்திலோ அதே காலத்தில் வரலாறு காணாத நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அரசுப் பணத்தால் பேணப்படும் நீர்நிலைகள் எல்லோருக்கும் பொது என்று 1923-இல் எஸ். கே. போலே அவர்களின் தீர்மானம் அம்மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அதனையொட்டி மகாடு நகராட்சியும் 1924-இல் தன் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. ஆனால் தீர்மானம் ஏட்டளவில் நின்றது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களை அணிவகுத்து அழைத்துச் சென்று, அந்தக் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். அந்த நீரைக் குடிக்காமல் யாரும் இறந்துவிடப் போவதில்லை. நாமும் பிறரைப் போல் மனிதரே என்பதை நிலைநாட்டுவதே நோக்கம் என்று அவர் விளக்கினார். அவர் சென்றபின், சாதி இந்துக்கள் நூற்றெட்டுக் குடம் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கொட்டிக் குளத்துக்குத் ‘தூய்மை’ செய்தனர்.

பின்னர் வழக்கு நடந்தது. பத்தாண்டுகள் நடந்த அவ்வழக்கில் இரண்டு கேள்விகள் எழுந்தன. குளம் யாருடையது? தாழ்த்தப்பட்டோரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டது என்பதற்குச் சான்று உண்டா? குளம் நகராட்சிக்கு உரியது என்பது ஆவணங்களால் நிலைபெற்றது. தொன்மையான வழக்கம் என்பதை வாதிகளால் மெய்ப்பிக்க இயலவில்லை. 1937 மார்ச்சு 17-ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் டாக்டர் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீரில் இறங்கிய காலும், நீதிமன்றத்தில் வைத்த காகிதமும் சேர்ந்தே அந்தக் குளத்தைத் திறந்தன. இதை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதனை நாடு முழுமைக்கும் உறுதி செய்தது. கிணறு, குளம், நீராடு துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் விலக்கலாகாது என்று அது கூறுகிறது. நீராடு துறையும் மக்கள் கூடும் இடமும் அதில் சேர்ந்திருத்தலை நோக்குக. தாகம் தீர்க்கும் உரிமை மட்டுமன்று, நீரில் மகிழ்ந்து திளைக்கும் உரிமையும் அரசியல் சட்டம் அளித்த உரிமையே.

மீன் விலைப்பொருளான கதை

இனி மீனுக்கு வருவோம். முற்காலத்தில் நம் ஏரிகளில் வாழ்ந்தவை விரால், குரவை, கெளுத்தி, கெண்டை, அயிரை முதலிய நாட்டு மீன்கள். இவற்றை யாரும் விதைத்ததில்லை. மழை நீரோடு வரத்துக்கால்களில் ஏறி வந்தன. விராலும் குரவையும் நேரடியாகக் காற்றையும் சுவாசிக்க வல்லவை ஆதலின், நீர் வற்றிய குட்டையிலும் சேற்றிலும் பிழைத்துக் கிடந்து, அடுத்த மழையில் பெருகின. கலிங்கு வழியும் நாளில் பறி வைத்தும், கோடையில் கலங்கிய நீரில் ஊத்தாவைக் கவிழ்த்தும், தூண்டில் இட்டும் ஏழை மக்கள் தம் குழம்புக்கு மீன் தேடினர். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கண்மாய் வற்றும் பருவத்தில் நடைபெறும் மீன்பிடித் திருவிழா இந்தப் பழக்கத்தின் எச்சமே. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கரையில் காத்திருக்கும் கூட்டம் ஊத்தாவோடும் வலையோடும் நீரில் பாயும் காட்சி காண இனியது.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ‘சிலேபி’ என்னும் பெயரோடு நம் ஏரிகளில் பரவியது. அதைவிடப் பெரிய மாற்றம் 1957-இல் நேர்ந்தது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் ஓடும் ஆற்று நீரிலன்றித் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. ஆகவே அவற்றின் குஞ்சுகளை மழைக்காலத்து ஆறுகளில் பிடித்தே பெற வேண்டியிருந்தது. அவ்வாண்டு சூலை 10-ஆம் நாள் ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஈராலால் சௌதுரி என்னும் அறிவியலாளரும் அவருடைய துணைவரும் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, குளத்திலேயே அவற்றை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அதன்பின் மீன்குஞ்சு பண்ணையில் கிடைக்கலாயிற்று.

இந்த அறிவியல் வெற்றி நாட்டுக்கு நன்மையே. ஆனால் ஊர் ஏரியில் அதன் விளைவு ஒன்றுண்டு. தானாக வந்த மீனுக்கு உடையவர் இல்லை. விலை கொடுத்து வாங்கி விட்ட குஞ்சுக்கு உடையவர் உண்டு. குஞ்சு வாங்கப் பணம் வேண்டும். காவலுக்கு ஆள் வேண்டும். குத்தகை எடுக்க முன்பணம் வேண்டும். எனவே ஏரி மீன் ஏழையின் குழம்பிலிருந்து நழுவிக் குத்தகைதாரரின் கணக்கில் ஏறியது. நேற்றுவரை தூண்டில் போட்ட சிறுவன், அதே கரையில் இன்று மீன் திருடன் என்று விரட்டப்படுவதும் நேர்ந்தது.

ஏலமும் பதவியும்

100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய ஏரிகள் ஊராட்சி அமைப்புகளின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறையின் பொறுப்பிலும் இருந்து வந்தது நெடுங்காலப் பாகுபாடு. மீன்பாசி உரிமை அரசு அமைப்பின் ஏலத்தில் விடப்படுவதே முறை. ஆனால் பல ஊர்களில், ஊர்ப் பெரியவர்கள் என்போர் தமக்குள்ளேயே ஏலத்தை முடித்துக்கொண்டு, வருவாயை ஊர்ப்பொது நிதியில் சேர்த்துத் திருவிழாவுக்குச் செலவிட்டு வந்துள்ளனர். அந்த ஊர்ப்பொதுவில் சேரி சேர்ந்ததில்லை. வரி கேட்கும்போதும் இல்லை, வருவாய் பிரிக்கும்போதும் இல்லை. ‘பொது’ என்ற சொல்லே ஒரு பகுதியாரின் தனிச்சொல்லாகிவிட்டது.

ஆகவேதான் ஊராட்சித் தலைவர் பதவி நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டபோது அத்துணை எதிர்ப்பு எழுந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் அவர்களும் உடனிருந்த ஐவரும் 1997 சூன் 30-ஆம் நாள் பட்டப்பகலில் படுகொலை செய்யப்பட்டனர். கண்மாய் மீன் குத்தகை முதலிய பொதுச் சொத்துகளின் மேல் பிறர் கொண்டிருந்த பிடி தளரும் என்ற அச்சமும் அப்பகைக்கு வேர்களுள் ஒன்று என்பதை அந்நிகழ்ச்சியை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலையே நடத்த முடியவில்லை. 2006-ஆம் ஆண்டில்தான் அங்குத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தனர். ஒரு சிறு நாற்காலிக்கு இத்தனை எதிர்ப்பு ஏன் என்று வியப்போர், அந்த நாற்காலியின் அருகே ஏரியின் ஏலப் புத்தகமும் இருந்தது என்பதை நினைவிற் கொள்க.

இன்னொரு வாயிலும் அடைபட்டது. 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைக்க வழி செய்தது. நல்ல நோக்கமே. ஆனால் அச்சங்கத்தில் வாக்கு என்பது ஆயக்கட்டில் நிலம் உடையோர்க்கே உரியது. உத்தரமேரூரில் கால் வேலி கேட்ட விதி, ஆயிரம் ஆண்டுகள் கடந்து வேறு உருவில் திரும்பி வந்தது போலும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் ஏரிகள் தூர்வாரப்பட்டபோது மண்வெட்டி ஏந்தியோருள் பெரும்பாலோர் நிலமற்ற பெண்களே. நம் தாய்மாரும் சகோதரிகளும் அவர்களுள் பலர். தூர்வாரக் கை வேண்டும்; தீர்மானிக்க அந்தக் கை வேண்டா என்ற பழைய நியாயம் இன்னும் மறையவில்லை.

வேறு மாநிலத்தார் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதும் அறியத்தக்கது. பஞ்சாபில் 1964-ஆம் ஆண்டின் விதிகள்படி, ஊராட்சிக்குரிய பொது விளைநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாழ்த்தப்பட்டோர்க்கே குத்தகைக்கு விட வேண்டும். நெடுங்காலம் பெருநிலக்காரர்கள் நம்மவர் ஒருவரின் பெயரில் பினாமியாக ஏலம் எடுத்து வந்தனர். பின்னர்ச் சங்ரூர் மாவட்டத்து மக்கள் ஒன்று கூடி, பலர் பணம் சேர்த்து ஒரே ஏலம் கேட்டு, கூட்டாகப் பயிர் செய்யத் தலைப்பட்டனர். அங்கே நிலம், இங்கே நீர். வழி ஒன்றே.

நீராடலும் பொழுதுபோக்கும்

மீன் ஒருபுறம் இருக்க, நீரின் இன்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை (1934), சாத்தனூர் அணை (1958), வைகை அணை (1959) ஆகியவற்றின் அருகே பூங்காக்கள் அமைந்துள்ளன. அங்கே வாயிலில் சீட்டு வாங்கினால் போதும். எந்தத் தெருவிலிருந்து வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் பிறந்த ஊரின் சிறிய ஏரியில், மேல்துறை ஒருவர்க்கு, கீழ்த்துறை மற்றவர்க்கு என்ற பிரிவு பல இடங்களில் நெடுங்காலம் நிலைத்தது. நூறு கல் தொலைவு சென்றால் பொதுமக்கள். நூறு அடி தொலைவில் சேரி மக்கள்!

1920-களில் அரசின் தொழிலாளர் துறை சேரிகளுக்குத் தனிக்கிணறுகள் வெட்டித் தந்தது. தாகத்தால் தவித்த மக்களுக்கு அது பேருதவி. ஆனால் தனிக்கிணறு தாகத்தைத் தீர்த்ததே தவிர, பொதுக்குளத்தின் கதவைத் திறக்கவில்லை. ‘உங்களுக்குத்தான் தனியே இருக்கிறதே’ என்று சொல்லப் பிறர்க்கு அது ஒரு சாக்காகவும் ஆயிற்று. உயிர் வாழத் தேவையானதைத் தனியே தந்துவிட்டு, சேர்ந்து மகிழ்வதை மறுப்பது தீண்டாமையின் நாகரிக வடிவம் என்பதை உணர்தல் வேண்டும். ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே கரையில் அமர்ந்து தூண்டில் போட்டு, ஒரே நீரில் குதித்து நீந்தும் நாள் வந்தால், பல மேடைப் பேச்சுகள் செய்யாததை அந்த ஏரி செய்துவிடும்.

இளைஞர்களுக்கு

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-ஆம் ஆண்டு அது திருத்தப்பட்டு, 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு, ஓடை, கிணறு, குளம், நீராடு துறை ஆகியவற்றையும் ஊரின் பொதுச் சொத்து வளங்களையும் மற்றவர்க்குச் சமமாக நம்மவர் பயன்படுத்துவதைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அத்திருத்தம் தெளிவாகக் கூறுகிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஏலக் கணக்கைக் கேட்டுப் பெற வழி செய்கிறது. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூடும் கிராம சபையில் நிலமில்லாதவர்க்கும் நிலமுடையோர்க்குச் சமமான குரல் உண்டு. குடவோலைக் குடத்தில் விழாத பெயர்கள் இன்று அந்தச் சபையின் பதிவேட்டில் இருக்கின்றன.

ஆயினும் சட்டம் தானாக நடந்து வருவதில்லை. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படும் ஏல அறிவிப்பைப் படிக்க ஒருவர் வேண்டும். அதில் எந்தப் பசலி ஆண்டு, எந்தப் புல எண், முன்வைப்புத் தொகை எவ்வளவு, கடைசி நாள் எது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு குத்தகைப் பணம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்டெழுத வேண்டும். தனியொருவரால் இயலாத முன்பணத்தைப் பலர் சேர்ந்து திரட்டிக் கூட்டுறவாக ஏலம் கேட்க வேண்டும். பினாமியாகப் பெயர் தர எவரும் இசையலாகாது. கிராம சபைத் தீர்மானத்தில் கையெழுத்து இடுமுன் அதை முழுதும் படிக்க வேண்டும்.

நீர்க்கட்டியாக இருந்த நம் பாட்டனார், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று ஏடின்றியே நினைவில் வைத்திருந்தார். அவர் அறிவுடையவர், எழுத்து மட்டுமே அவருக்கு மறுக்கப்பட்டது. எழுத்து இல்லாமையால் அவர் காத்த ஏரியின் கணக்கு வேறொருவர் கையில் இருந்தது. அந்தக் கணக்கைப் படிக்கவும் எழுதவும் வல்ல பிள்ளைகளை ஆக்குவதற்கே இத்தகைய கல்விக் கழகங்கள் தோன்றின. வெள்ளிவிழா ஆண்டில் நம் கழகத்தில் பயின்ற ஒவ்வோர் இளைஞரும் தம் ஊர் ஏரியின் புல எண்ணையும், பரப்பையும், சென்ற ஆண்டுக் குத்தகைத் தொகையையும் கேட்டறிந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக. மகாடு குளம் திறந்ததும் காலடியால் மட்டுமன்று, காகிதத்தாலும் அல்லவா! அந்தக் குறிப்பேடு நம் பாட்டனார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும். நம் பிள்ளைகள் அச்சமின்றி இறங்கி நீந்தப்போகும் துறைக்கு முதற்படியும் ஆகும்.